பதினாலு சதவீதம்

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த மனிதரை அந்த வட்டாரத்தில் எல்லோரும் ‘அஞ்சு நிமிஷம்’ என்றுதான் சொல்வார்கள். லிஃப்டுக்குள் யார் மாட்டிக்கொண்டாலும், போனில் அவர் சொல்வது அதுதான்: “அஞ்சு நிமிஷம், வந்துட்டேன்.” சொல்லும்போது பெரும்பாலும் வீட்டில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். இருபத்தேழு வருஷமாக இதே வேலை. ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் வாசல் பக்கம் நீட்டியிருக்கும்.

பெட்ரோல் கார் அவருக்கு ஒத்துப்போனதும் அதனால்தான். முள் இறங்கினால் பங்க்குக்குள் திருப்புவார். இன்ஜின் சூடு ஆறும் முன்னே கிளம்பிவிடுவார். ஆனால் குத்துக்காலிட்டே வேலை பார்த்ததில் இடது முழங்கால் தேய்ந்துபோனது. நெரிசலில் கிளட்ச் மிதித்து வீடு வந்து சேர்ந்தால், அந்தக் காலைக் கையால் தூக்கித்தான் வெளியே வைக்க வேண்டும். கிளட்சே கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே மனைவி முடிவெடுத்துவிட்டாள். பழைய காரை அவளுடைய தம்பி எடுத்துக்கொண்டான். வாசலுக்கு எலக்ட்ரிக் கார் வந்தது.

முழங்கால் ஒரே மாதத்தில் அடங்கியது. மனசு அடங்கவில்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லாத அந்த வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா என்றே அவருக்குச் சந்தேகம். சார்ஜில் போட்டுவிட்டு மாடி ஏறுவார். வயர் கழன்றிருக்குமோ என்று மறுபடி இறங்குவார்.

“என்னங்க, அடுப்புல வச்ச பாலா அது? பொங்கிடவா போகுது?” என்பாள் மனைவி.

“சும்மா பாத்துட்டு வரேன்.”

“இது நாலாவது சும்மா.”

ஒரு புதன்கிழமை, காலையிலேயே நகரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மூன்று முறை ஓடிவிட்டு, மத்தியானம் வந்து காரைச் சார்ஜில் மாட்டினார். மாட்டி முடிக்கும் முன்பே ஊர் முழுக்கக் கரண்ட் போனது. திரையில் பதினாலு சதவீதம். அவருக்கு அப்போதுதான் உறைத்தது: கரண்ட் போனால் லிஃப்ட் நிற்கும், லிஃப்ட் நின்றால் அவர் ஓட வேண்டும். அந்த நேரம் பார்த்து அவர் வண்டிக்கும் சோறு கிடையாது.

நினைத்து முடிப்பதற்குள் போன் அடித்தது. ஒரு பெண். பழைய கட்டடம், நாலாம் மாடிக்கும் அஞ்சாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. கூடவே சக்கர நாற்காலியில் மாமனார்.

“மாமாவுக்கு வேர்த்துக் கொட்டுதுங்க. எவ்வளவு நேரம் ஆகும்?”

“அஞ்சு நிமிஷம்மா.”

பதினெட்டு கிலோமீட்டர்.

ஏசியை அணைத்தார், கண்ணாடிகளை இறக்கினார். சிக்னல் எதுவும் எரியவில்லை. சந்திக்குச் சந்தி வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. சாலையைப் பார்த்ததைவிடத் திரையில் சதவீதத்தைப் பார்த்ததே அதிகம். பதினொன்று. ஒன்பது. மேம்பாலத்தில் ஏறும்போது எட்டு. அக்சிலரேட்டரில் கால் வைக்கவே பயமாக இருந்தது. தானே இறங்கித் தள்ளினால் சீக்கிரம் போகலாமோ என்று தோன்றியது.

போய்ச் சேர்ந்தபோது அஞ்சு சதவீதம். மொட்டைமாடி மோட்டார் அறைக்கு இரண்டிரண்டு படியாக ஏறினார். மெயினை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை நாலாம் மாடிக்கு இறக்கினார். கீழே ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்த பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அஞ்சு நிமிஷம்னீங்க. ஒரு மணி நேரம் ஆச்சு தம்பி.”

“பொய்தான் ஐயா. உண்மையச் சொல்லியிருந்தா இன்னும் பயந்திருப்பீங்க.”

பெரியவர் சிரித்துவிட்டார். மருமகள் சிரிக்கவில்லை.

அதற்குள் அடுத்த அழைப்பு, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. மைத்துனனுக்குப் போன் போட்டார். பழைய கார் தெரு முனையில் திரும்பும்போதே அந்த உறுமல் அவருக்குத் தெரிந்தது, நெஞ்சு லேசானது. கருவிப்பையோடு ஓடி ஏறினார்.

“அத்தான், ஒரு விஷயம்,” என்றான் மைத்துனன். “பெட்ரோல் ரிசர்வ்ல கிடக்கு. பங்க்லயும் கரண்ட் இல்ல. ஜெனரேட்டரும் ரிப்பேராம்.”

“நல்லா வந்து வாய்ச்ச மாப்ள!”

இருவரும் முள்ளைப் பார்த்துக்கொண்டே போனார்கள். நெரிசலில் பெட்ரோல் வாடையும் புகையும் உள்ளே வந்து அவருக்கு இருமல் பிடித்தது. ஸ்டீயரிங் நடுங்கியது, கால் வைத்த இடமும் நடுங்கியது. பத்து வருஷம் இதில் எப்படி உட்கார்ந்திருந்தோம் என்று அவருக்கே புரியவில்லை. எப்படியோ போய்ச் சேர்ந்தார்கள். அங்கே மாட்டியிருந்த மூன்று பேரையும் வெளியே எடுத்தார்.

சாயங்காலம் கரண்ட் வந்தது. காரை எடுக்கத் திரும்பி வந்தவரிடம், முதல் கட்டடத்து வாட்ச்மேன் தன் அறை பிளக்கிலேயே காரைச் சார்ஜ் போடச் சொன்னார். சும்மா உட்கார முடியுமா இவரால்? யாரும் கேட்காமலே ஒவ்வொரு மாடியாக ஏறி, லிஃப்ட் கதவுகளுக்கு எண்ணெய் விட்டார்.

பிறகு அதுவே வழக்கமாயிற்று. போகிற இடமெல்லாம், கேட்டுக்கொண்டு வயரை மாட்டிவிட்டுத்தான் வேலையில் இறங்கினார். ஐம்பது சதவீதத்துக்குக் கீழே சார்ஜை இறங்க விடுவதில்லை.

ஒருநாள் மைத்துனன் வந்தான். “அத்தான், வேணும்னா பழைய வண்டிய நீங்களே திருப்பி வச்சுக்குங்க.”

அவர் ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தார். முழங்காலில் சுரீர் என்றது. இறங்கிக்கொண்டார்.

“வேணாம் மாப்ள.”

“அப்ப இதுல நிம்மதியா இருக்கீங்களா?”

“நிம்மதியா? அப்ப ஆயில் ஒழுகுதான்னு குனிஞ்சு குனிஞ்சு பாப்பேன். இப்ப சார்ஜ் ஏறுதான்னு போன்ல பாக்குறேன். வலி மட்டும் இல்ல.”

மாடியிலிருந்து மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். மைத்துனனை முன்னால் அனுப்பிவிட்டு, அவர் தன் காரின் பின்பக்கம் போய்ச் சார்ஜ் பிளக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.