சூடு பார்த்த கன்னம்

அட, மொறைச்சாளாமா உம்பட மருமக? மொறைக்கட்டும் சரசு, அவ மேல தப்பே இல்ல. காச்சல்ல கெடக்கற புள்ளைகிட்டப் பக்கத்தூட்டுக் கெழவரு ஒருத்தரு குனிஞ்சு, ஒரு வார்த்த கேக்காம அது நெத்தியில தன்னோட கன்னத்தைக் கொண்டு போயி வெச்சா எந்தத் தாயிக்குத்தான் சங்கடமா இருக்காது? அவகிட்டத்தான் நெத்திக்கு நேரா நீட்டுனா நம்பர் காட்டற மிசினு இருக்குதே. ஆனா எங்கூட்டுக்காரரு கையில தொட்டுப் பாக்காம கன்னத்தை ஏன் வெச்சாருன்னு நீயாவது கேட்டியா? இரு, சொல்றேன். இந்தப் பக்கெட்டுல எம்பட பேரன் சட்டையையும் அமுக்கி விட்டுட்டு வந்தர்றேன். கம்பெனில புதுசாக் குடுத்தாங்களாமா, ஒரு தடவை போட்டதுக்கே என்னா வேர்வை நாத்தம்கற! ம், ஊறட்டும். அந்த முக்காலியை இழுத்துப் போட்டு உக்காரு.

எம்பட கண்ணாலம் ஆன புதுசுல அவரு சாயப்பட்டறையில வேலை. ஆத்தோரத்துல பட்டறை. இப்பத்த நொய்யலை நெனைச்சுக்காத, அன்னிக்கு அதுல நாங்க குளிச்சோம். திருப்பூருன்னா அப்பெல்லாம் வெள்ளைப் பனியன்தான், கலருன்னு ஒண்ணு அப்பத்தான் தலை காட்டுது. பட்டனைத் தட்டுனாத் தானாச் சுத்தற மிசினா இருந்துச்சு? அடுப்பு மேல தொட்டி கொதிக்கும். தடியால துணியைத் தூக்கித் தூக்கித் திருப்பிப் போடணும், ஆறுறதுக்கு முந்தியே கையால அள்ளிப் பிழியணும். அந்தச் சூட்டுல வெந்து வெந்து அவரு உள்ளங்கை செருப்புத் தோலாட்ட ஆயிப்போச்சு. அடுப்புல கொதிக்கற கொழம்புச் சட்டிய வெறுங்கையில எறக்கி வெப்பாரு. எனக்குன்னாப் பெருமை தாங்காது, எங்கம்மா ஊட்டுக்குப் போயிக்கூட அதைத்தான் சொல்லிக்குவேன். புள்ளைக்குக் காச்சல் வந்தப்பறம்தான் தெரிஞ்சுது, அந்தக் கைக்குச் சூடே தெரியாதுன்னு.

புள்ளைன்னா எம்பட மவதான், இப்பக் கோயமுத்தூர்ல இருக்கறாளே, அவ. நடை பழகற வயசு. காச்சல் வரும், ஒடம்பு தணலாக் கொதிக்கும், அப்பறம் எறங்கிரும். அப்பாடான்னு நாம ஒரு வாய்ச் சோறு திங்கறதுக்குள்ள மறுக்காவும் வந்துரும். ஊட்டுல எல்லாப் பண்டுதமும் பாத்தோம். மந்திரிச்சுக் கயிறு கட்டுனோம். பழனிக்கு முடி எடுக்கறதா நான் வேண்டுனேன், அவிநாசியப்பனுக்குன்னு எம்பட மாமியா ஒரு வேண்டுதலு போட்டுச்சு, எந்தச் சாமி கேட்டுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குள்ள தகராறு. தெருமொனைக் கம்பவுண்டர் குடுத்த ரோஸ் தண்ணியையும் ஊத்துனோம். புள்ள ஒரு காதைப் புடிச்சுப் புடிச்சு இழுக்கும். காது குத்தி ரொம்ப நாள் ஆவுல, கம்மல் உறுத்துதுன்னு நெனைச்சுக்கிட்டோம். குளிக்க ஊத்தறப்ப மாமியா காதுல வெளக்கெண்ணெய வேற ரெண்டு சொட்டு விட்டு, “குளுமை கண்ணு, குளுமை”ங்கும்.

அவளுக்கு முந்தி எங்களுக்கு ஒரு பையன் பொறந்தான் சரசு. தவழ்ந்துக்கிட்டு இருந்தவன், காச்சல்லயேதான் போனான். அதைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் ஒரு நாளும் பேசிக்கிட்டதில்ல. ஆனா இவளுக்கு ஒடம்பு சுட்டா, அவரு மூஞ்சியப் பாத்தா எம்பட மூஞ்சியைக் கண்ணாடியில பாக்கறாப்புல இருக்கும்.

மத்தியானம் சோத்துக்கு வருவாரு. செருப்பைக் கழட்டாமயே, “சுடுதா புள்ள?”ம்பாரு. நான் பாத்திரம் கழுவுன கையோட தொட்டுப் பாத்துட்டு, “இல்லீங்க, சில்லுன்னுதான் இருக்குது”ம்பேன். “ஈரக்கையில தொட்டா எது சில்லுன்னு இருக்காது? தொடைச்சுட்டுத் தொடு”ன்னு கத்துவாரு. அவரு கையை வெச்சாலோ ஒண்ணும் தெரியாது. அதுலதான் ஒரு நாளு குனிஞ்சு கன்னத்தை வெச்சாரு. அங்க தோலு மெதுவாத்தான இருக்குது, தெரிஞ்சுருச்சு. அன்னியிலிருந்து அதே வழக்கமாப் போச்சு. தாடி குத்தும், காச்சல்லயும் புள்ள கிக்கிக்கின்னு சிரிக்கும். “ஏன்டா, அது புள்ளையா வென்னித் தொட்டியா? வந்ததும் வராததுமாச் சூடு பாக்கறயே”ன்னு எம்பட மாமியா கேலி பண்ணும். பண்ணிட்டு, அவரு அந்தண்ட போனதும் அதுவும் போயி ஒருக்காத் தொட்டுப் பாத்துக்கும்.

அந்தச் சமயத்துல பட்டறை மொதலாளி புதுசா ஒரு மஞ்சக் கலரு போட்டுப் பாத்தாரு. கலரு நிக்குல. கை தொடைக்க வெச்சுக்கங்கன்னு துணியை வேலையாளுககிட்டயே குடுத்துட்டாரு. அதுல மெத்துமெத்துன்னு ஒரு துண்டைப் பொறுக்கி, புள்ளைக்கு ஆகும்னு இவரு கொண்டாந்தாரு. நானும் கையாலயே ஒரு கவுனு தெச்சுப் போட்டேன். செவந்தி பூத்தாப்புல இருந்தா போ!

ஒரு நாளு வெடியக் கருக்கல்ல காச்சல் எறங்கி, புள்ளைக்கு வேர்த்து ஊத்திருச்சு. அந்த அரை இருட்டுல ஈரக் கவுனைக் கழட்டி, அதாலயே மூஞ்சி, கையெல்லாம் தொடைச்சு உட்டு, துவைக்கற கல்லு மேல போட்டுட்டு, பழைய சேலையில சுத்திப் படுக்க வெச்சேன். பொழுது கெளம்புனதும் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்து பாக்கறேன், புள்ள கழுத்துலிருந்து காலு வரைக்கும் மஞ்ச! மூஞ்சி, கையி எல்லாம் மஞ்ச! நான் போட்ட சத்தத்துல தெருவே கூடிருச்சு. மாமியா எமையைத் தூக்கிப் பாத்துட்டு, “கண்ணும் மஞ்சளாத்தான் இருக்குது, காமாலையேதான்”னு சத்தியம் பண்ணுச்சு. கீழாநெல்லி பறிச்சு மோர்ல அரைச்சுத் தர்றேன்னு வேலியோரத்துக்கு ஓடுச்சு.

இவரு பின்னாலயே வேலியோரத்துக்குப் போனாரு. அப்பறம் அவங்கம்மாளைப் பாத்து, “மூத்தவனுக்கும் எலையத்தான அரைச்சுக்கிட்டு இருந்தோம்”னாரு. சத்தமாக்கூடச் சொல்லுல. மாமியா பறிச்ச எலையை வேலியோரத்துலயே போட்டுருச்சு. பக்கத்தூட்டுச் சைக்கிளை வாங்கிக்கிட்டு வந்து, “ஏறு”ன்னாரு. பின்னால நான், மடியில புள்ள. வழியெல்லாம் திரும்பித் திரும்பி, “மூச்சு இருக்குதா? மூச்சு இருக்குதா?”ன்னு கேக்கறாரு. “நேராப் பாத்து ஓட்டுங்க, நம்ம மூச்சு இருக்கட்டும் மொதல்ல”ன்னேன் நான். எதுக்கால மாட்டு வண்டி வருது சரசு!

பெரிய டாக்டரம்மா. அதுக்கு முந்தி நாங்க அந்தப் படியேறுனதே இல்ல. “காமாலைங்க, காமாலைங்க”ன்னு நான் ஒப்பாரி வெக்கறேன். அந்தம்மா கண்ணைப் பாத்துச்சு, நாக்கைப் பாத்துச்சு, அப்பறம் இவரு கையைப் பாத்துச்சு. “ஏம்ப்பா, உனக்கு என்ன வேலை?” “சாயப்பட்டறைங்க.” பஞ்சை நனைச்சுப் புள்ள நெத்தியில ஒரு இழுப்பு இழுத்துச்சு. பஞ்சு மஞ்ச, நெத்தி வெளுப்பு! “இந்தாப்பா, உன் காமாலையை நீயே பிடி”ன்னு பஞ்சை அவரு கையில குடுத்துட்டு அந்தம்மா சிரிக்குது, நர்சு சிரிக்குது. பகலெல்லாம் சாயத்துலயே கெடக்கற மனுசன், தம்புள்ள மேல ஒட்டியிருந்தது சாயம்னு தெரியாமப் போச்சு பாரு! அவரு கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. மொழங்கை வரைக்கும் அதே மஞ்ச. அப்படியே தரையில குந்தி, கெக்கெக்கென்னு சிரிக்கறாருன்னு பாத்தா அழுவறாரு. பையன் போனப்பக்கூட அழுவாத மனுசன்.

அந்தம்மா வெளையாட்டாட்டக் கன்னம், கழுத்துன்னு தொடைச்சுக்கிட்டே வந்து காதுக்குப் பின்னால பஞ்சை வெச்சுது. புள்ள வீல்னு ஒரு கத்து! அந்தம்மா சிரிப்பு நின்னுபோச்சு. டார்ச்சடிச்சுக் காதுக்குள்ள பாத்துட்டு, “உள்ளே சீழ் கட்டியிருக்கு. காய்ச்சல் திரும்பத் திரும்ப வர்றது இதாலதான்”னுச்சு. “காதுல எண்ணெய் விடுவீங்களா?”ன்னு கேட்டுச்சு. “குளுமைக்குங்க”ன்னு நான் இழுத்தேன். ஊசி போட்டு, மருந்து குடுத்து, வரச்சொன்னப்பெல்லாம் போயிக் காட்டி, கொஞ்சம் கொஞ்சமாக் காச்சல் விட்டே போச்சு. கலரு மட்டும் நின்னிருந்தா, நாங்க அந்தப் படியே ஏறியிருக்க மாட்டோம் சரசு.

காச்சல் போச்சு, இவரு பழக்கம் போவுல. அவ பள்ளிக்கோடம் போறப்பவும் கன்னம், கண்ணாலம் பண்ணி அனுப்பறப்பவும் கன்னம். மாப்பிள்ளை ஊட்டு ஒறம்பரையெல்லாம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. பட்டறைய விட்டு எத்தனையோ வருசமாச்சு, உள்ளங்கை புள்ளைக கையாட்ட மெதுவாயிருச்சு. இருந்தும் நேத்து உம்பட பேரனுக்கு அந்தக் கையை வெச்சாரா பாரு. வந்து, “சுடுது புள்ள. எதுக்கும் காதைப் பாக்கச் சொல்லு”ன்னாரு. ராவெல்லாம் பொரண்டு பொரண்டு படுத்தாரு. உம்பட மருமககிட்டப் பதனமாச் சொல்லு. அந்த மிசினு எவ்வளவு சூடுன்னு சொல்லும், எதனாலன்னு சொல்லாது. டாக்டருகிட்டப் போறப்பக் காதையும் ஒருக்காப் பாக்கச் சொல்லு. அவருன்னா இன்னிக்கும் வருவாரு, மொறைக்க வேண்டாம்னு சொல்லி வெய்யி.

என்ன அங்க பக்கெட்டையே பாக்கற? அய்யோ, அவரோட வெள்ளை வேட்டி அதுலதான ஊறுது! எம்பட பேரனோட புதுச் சட்டை மஞ்சக் கலராச்சே! தள்ளு சரசு, தள்ளு...