மலர்விழி வாங்கிய மார்க்

வடக்கனந்தல் பக்கம் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த மலர்விழி, மாசி மாதம் ஆள் ஏற்றிப் போன குட்டியானை வண்டியிலிருந்து தலைகுப்புற விழுந்தாள். காயம் ஆறிவிட்டது. தலைக்குள்தான் என்னவோ கலைந்துபோயிருந்தது. அடுப்பில் வைத்த சோற்றை மறந்தாள். பேச வாயெடுத்தால் சொல் நழுவியது.

கள்ளக்குறிச்சியில் பார்த்த நரம்பு டாக்டர், அவள் கணவன் மாயவனின் செல்போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தார். ஐந்து படங்களைக் காட்டும். சற்று நேரம் கழித்து அவற்றை ஞாபகமாகத் தேடித் தொட வேண்டும். புள்ளி தோன்றியதும் சட்டென்று அழுத்த வேண்டும். வாரம் ஒரு தரம் வீட்டிலேயே செய்தால் போதும், மார்க் அவருடைய கணினிக்கு வந்துவிடும். "அவங்களே தனியா செய்யணும்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

யார் கேட்டது? அந்த வீட்டில் ஒருவருக்குப் பரீட்சை என்றால் எல்லோருக்கும் பரீட்சை. மலர்விழி விரலை வைத்துக்கொண்டு தடுமாறினாள். "ஏணிடி, ஏணி. அத்தத் தொடு" என்றான் மாயவன். புள்ளி வந்ததும் மகள் பாரதி குறுக்கே கைவிட்டு அழுத்தினாள். பெண்டாட்டி தோற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அவனுக்கு மனசு வரவில்லை. கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, அதுதான் கொடுமை.

அடுத்த மாதம் டாக்டர் கணினியைப் பார்த்துத் தலையாட்டினார். "நல்லா தேறிட்டாங்க. மாத்திரைய நிறுத்திடலாம்." இல்லை என்று சொல்ல மலர்விழி வாய் திறந்தாள். மேற்கொண்டு சொல் வரவில்லை. அதற்குள் மாயவன் முந்திக்கொண்டு, "ஆமாங்க சார், இப்ப பரவால்லீங்க" என்று கும்பிட்டான்.

அன்றைக்குப் பிடித்தது சனி. குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டாள். "டாக்டரே நல்லாகிடுச்சின்னுட்டாரு. இன்னா, வேலைக்குப் போவ வலிக்குதா?" என்றான் மாயவன்.

பாரதிகூட, "மார்க்கு நல்லாத்தான வந்துகினு இருக்குதும்மா" என்றாள்.

மலர்விழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பனும் மகளும் வாங்கிய மார்க்கை அவள் தலையில் கட்டிவிட்டு, அதை வைத்தே அவளை நடிப்புக்காரி ஆக்குகிறார்கள். இதை எடுத்துச் சொல்லவும் அவளுக்கு நாலு வார்த்தை கூடி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். தட்டினார்கள், திறக்கவில்லை. ஐந்து படங்களில் ஒன்றுதான் ஞாபகம் வந்தது. விரலைக் கொண்டுபோவதற்குள் புள்ளிகள் மறைந்தன. அழுகை வந்தது. அழுதுகொண்டே கடைசிவரை செய்தாள்.

வெளியே வந்து போனை நீட்டினாள். திரையில் மார்க் சிவப்பாக நின்றது.

"தா பாரு. இதான் நானு."

மாயவன் அதைப் பார்த்தான். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. பிறகு அவள் தோளை ஆதரவாகத் தொட்டான்.

"வுடு மலரு, கவலப்படாத. டாக்டரு பாக்கறதுக்குள்ள இன்னொரு தபா போட்டுடலாம். நான் பக்கத்துலயே குந்திக்கினு சொல்றேன்" என்று போனுக்குக் கை நீட்டினான்.