மிக்கேல் அண்ணாச்சியின் கனத்த அம்பு

மிக்கேல் அண்ணாச்சி இறந்த செய்தி வந்தபோது நான் பக்கத்து வீட்டு மாடியில் நின்று, அவர்களுடைய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில் குத்தி நின்ற என் அம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பிடுங்கியதும் தண்ணீர் பீய்ச்சியடித்தது. ஓட்டையை ஒரு விரலால் அடைத்துக்கொண்டு மறு கையால் போனை எடுத்தேன். ஆஸ்திரேலியாவிலிருந்து என் மகள் செல்வி.

"அப்பா, பெரியப்பா போயிட்டாங்களாம்ப்பா. நெஞ்சுவலியாம்" என்று அழுதாள்.

அண்ணாச்சி வீடு என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். அங்கே நடந்த சாவு கடல் தாண்டிப் போய், அங்கிருந்து எனக்குத் திரும்பி வருகிறது. அண்ணாச்சியின் மனைவி ரோஸ்லின் மதினி முதலில் கூப்பிட்டது என் மகளை. சட்டை நனைந்து நின்ற அந்த நேரத்திலும் எனக்குத் துக்கத்துக்கு முந்தி வந்தது வயிற்றெரிச்சல்தான். இதுகூட அவளுக்குத்தான் முதலில் தெரிய வேண்டுமா? பிறகு அழுகை வந்தது. விரலை எடுக்காமலே அழுதேன்.

அவருடைய முப்பதாம் நாள் பூசைக்கு வந்து இதைப் படிக்கும் உங்களுக்கு அண்ணாச்சியைக் கோயில் கொடியேற்றத்தில் முன்னால் நிற்பவராகத் தெரியும். எனக்கு அவர் அம்புக்காரர். ஆஸ்திரேலியாவின் வடகடலில் முத்துச்சிப்பி வளர்க்கும் பண்ணையில் முங்கி வேலை பார்த்தவர். லீவு நாட்களில், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வில்லால் வேட்டையாடக் கற்றிருந்தார். அங்கே அதற்கு அனுமதி உண்டு. ஊர் திரும்பியபோது வில்லும் கூடவே வந்தது. "இங்கன ஒரு முயல அடிச்சாலும் ஜெயிலுதாம்லே" என்று சொல்லி, கிழிந்த வலைகளைச் சாக்கில் திணித்துக் கொல்லையில் நிறுத்தி, அதில்தான் அடிப்பார்.

செல்வி கல்யாணமாகி அதே நாட்டுக்குப் போய், பன்றித் தொல்லை உள்ள ஊரில் குடியேறி, அவளும் வில்லை எடுத்தாள். அன்று பிடித்தது எனக்குச் சனி. ஞாயிற்றுக்கிழமை என்னோடு பேசுவது "சாப்பிட்டியாம்மா", "சாப்பிட்டேன்ப்பா", "அங்க மழையா", "இல்லப்பா" என்பதோடு முடியும். உடனே அண்ணாச்சிக்குப் போன் போகும். அம்பின் எடை, வேகம், முனை, காற்று என்று மதினி சோறு போட்டுவிட்டுக் கூப்பிடும்வரை ஓடும். நான் வெறும் அப்பா, அவர் பெரியப்பா. உறவுமுறையிலேயே எனக்குத் தோல்வி.

விட்டேனா? நானும் ஒரு வில் வாங்கினேன். கூடவே ஒரு கொள்கையும் வாங்கினேன்: லேசான அம்பு, அதிக வேகம். பன்றி நகர்வதற்குள் போய்விடும் இல்லையா? அண்ணாச்சியின் கொல்லையில் இதைச் சொன்னதும் அவர் வில்லை எடுத்தார். என் லேசான அம்பை விட்டார். கண் மூடித் திறப்பதற்குள் சாக்கில் நின்றது. பிறகு அவருடைய கனத்த அம்பு, சாவகாசமாக, கொஞ்சம் தாழ்ந்து போனது. என்னுடையது சாண் அளவு இறங்கியிருந்தது. அவருடையதில் பின்சிறகு மட்டும் வெளியே தெரிந்தது.

"மொதல்ல போனது என்னுதுதான அண்ணாச்சி?" என்றேன்.

"மொதல்ல போனா போதுமாலே, உள்ள போவ வேண்டாமா? காலி லாரி வேகமாத்தான் போவும். செவுத்துல இடிச்சா எது உள்ள போவும், காலி லாரியா, லோடு லாரியா? டயர் கடைக்காரனுக்கு இத நான் சொல்லணுமாக்கும்!"

"அப்ப வேகமே வேண்டாங்கியளா?"

"தூரத்துல நிக்கவனுக்கு வேணும். தூரக் கணிப்பு கொஞ்சம் தப்பினாலும் வேகம் காப்பாத்தும். ஆனா எலும்புல பட்டு அம்பு நின்னுட்டுன்னு வையி, அந்தச் சீவன் குத்துப்பட்டு எங்கயோ கெடந்து சாவும். கனத்த அம்ப எடு, கிட்டப் போ. போவ முடியலன்னா விடாத, வீட்டுக்கு வா."

அப்போதும் எனக்கு அடங்கவில்லை. நான் சொன்னால் மகள் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அம்பை நிறுக்கும் கணக்கு, கிராமையும் துண்டாடும் பொடிக் கணக்கு என்று கேள்விப்பட்டு, என் அம்பை நகைக்கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் அம்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது விக்கவா, அடகுக்கா?"

தராசின் கண்ணாடிப் பெட்டிக்குள் அம்பு அடங்கவில்லை. கதவைத் திறந்துவைத்து, மின்விசிறியை அணைத்து, வளையல் வாங்க வந்த பெண்களெல்லாம் வியர்த்துக்கொண்டு வேடிக்கை பார்க்க நிறுத்தோம். முனை குத்திவிடும் என்று கடைக்காரர் பயந்ததால் அதைக் கழற்றி வைத்திருந்தேன். எடையைப் பெருமையாகச் செல்விக்கு அனுப்பினேன். அவள் அதை அண்ணாச்சிக்கு அனுப்பினாள். சாயங்காலம் அவர் என் டயர் கடைக்கே வந்துவிட்டார். "ஏலே, முனையக் கழட்டிட்டா நிறுத்த?" அம்பைப் பார்க்காமல், எண்ணை மட்டும் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். அவர் கையிலிருந்த போனில் செல்வி சிரித்த சத்தம் டயர் அடுக்கில் பட்டு எதிரொலித்தது.

செல்வி கனத்த அம்பைத்தான் எடுத்தாள். அவள் முதல் பன்றி ஒரே அடியில், கண் பார்வைக்குள்ளேயே விழுந்தது. போட்டோ அவருக்குத்தான் போனது. அவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பாருலே, ஒன் மவள!" என்றார். 'ஒன் மவள' என்பதை அழுத்தித்தான் சொன்னார். அவருடைய போனில் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று நான் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து அடுத்த ஞாயிறு. "சாப்பிட்டேன்ப்பா" என்றாள். நான் மழையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன்.

"அப்பா, அம்பு புதுசா வாங்கணும். கனத்ததா, லேசானதா? நீங்க சொல்லுங்க."

எத்தனை ஞாயிறு காத்திருந்த கேள்வி! லேசானது, வேகமானது என்ற என் கொள்கை நாக்கு நுனியில் நின்றது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"கனத்ததையே வாங்கு. மெதுவாத்தான் போவும். நீ கிட்டப் போ. போவ முடியலன்னா விடாத, வீட்டுக்கு வா."

"பெரியப்பா பேசுற மாதிரியே இருக்குப்பா" என்று அழ ஆரம்பித்தாள்.

மதினி கொடுத்த அந்தக் கனத்த அம்பு இப்போது என் கடையில், டயர் அடுக்குக்கு மேலே இருக்கிறது. அவருடைய அந்தப் பதிலையும் நானே வைத்துக்கொண்டேன். பொறாமையும் என்னிடமே இருக்கிறது. ஆள் போனால் அதுவும் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை.

அன்று செல்வியிடம், "சரிம்மா, அழாத" என்று மட்டும்தான் சொன்னேன். நான் போன பிறகு, யாரோ எதையோ சொல்லும்போது, 'அப்பா பேசுற மாதிரியே இருக்கு' என்று நீ இப்படி அழுவாயா என்று கேட்கவில்லை.