அம்மா கழுவிய விறகு

என் அலமாரியில் ஒரு மரக்கிண்ணம் இருக்கிறது. விளிம்பில் விரிசல், அடியில் புகைக்கறை. "இந்தக் குப்பையை எறியேன், அத்தை" என்று என் மருமான் வரும்போதெல்லாம் சொல்கிறான். நான் அதைத் துடைத்து மறுபடியும் உள்ளே வைக்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. பூஜை விடுமுறைக்குக் கல்கத்தா பவானிப்பூரிலிருந்து கர்சியாங் மலைக்குப் போயிருந்தோம். அப்பா, அம்மா, ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்த மன்னி, நான். அண்ணாவுக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. பங்களாக் காவல்காரரின் மனைவி, நேபாளத்துக்காரி, வந்த அன்றே காய்ந்த விறகு கொண்டுவந்து அடுக்கினாள். யார் யார் கை பட்டதோ என்று அம்மா குடம் குடமாகத் தண்ணீர் கொட்டி அத்தனையையும் கழுவினாள். கல்கத்தா மொட்டைமாடியில் அவள் வழக்கம் அதுதான்; மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். இங்கே சாயங்காலத்துக்குள் மழை பிடித்துக்கொண்டது. அப்புறம் விடவே இல்லை.

மறுநாள் காலை அப்பா ரயில் ஓடுகிறதா என்று விசாரிக்கக் கீழே இறங்கினார். கொஞ்ச நேரத்தில் மலை சரிந்து பாதை அடைபட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அம்மா "ஈஸ்வரா!" என்று கூவியது இன்னும் காதில் இருக்கிறது. அப்பா இருக்கிறாரா இல்லையா என்றே எங்களுக்குத் தெரியாது.

மூட்டை அரிசி பக்கத்தில் இருந்தும் பட்டினி கிடந்தோம். விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. முறுக்கும் தட்டையும் தீர்ந்துபோயின. ஊறவைத்த அரிசியை நாங்கள் மென்றோம். மன்னிக்கு அதுவும் தங்கவில்லை. நேபாளத்துக்காரி தன் வீட்டு விறகை நீட்டினாள். கழுவாமல் அம்மா தொடமாட்டாள், கழுவினால் எரியாது. எங்கள் மடி ஆசாரம் இருந்த லட்சணம் அது!

நான்காம் நாள் காலை மன்னி என் காதோடு சொன்னாள்: "நேத்திலேர்ந்து அசையவே இல்லடி. அம்மாகிட்ட சொல்லிடாதே." அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் நேபாளத்துக்காரி இந்தக் கிண்ணத்தோடு வந்தாள். ஆவி பறக்கும் சோளமாவுக் களி, மேலே பச்சைப் பசேலென்று காஞ்சொறிக் கீரைச் சாறு. முதல் நாள் அந்தச் செடியைத் தொட்டு என் கை வீங்கியிருந்தது; விஷம் என்றே நினைத்தேன். "காவ், பஹினி" என்றாள், சாப்பிடு தங்கச்சி என்று. அம்மா வாசலை மறித்தாள். "வேண்டாம். எடுத்துண்டு போகச் சொல்லு."

என்னால் தாங்க முடியவில்லை. "அம்மா, கொழந்தை அசையலையாம்மா!" என்று அலறிவிட்டேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். முதல் கவளத்தைத் தானே விழுங்கினாள். கொஞ்சம் பொறுத்திருந்து பார்த்துவிட்டு, மன்னியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஊட்டினாள். எவ்வளவு நேரம் போயிற்றோ! மன்னி திடீரென்று என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளே ஓர் உதை. அம்மா வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் அப்பா இடுப்பளவு சேற்றோடு வந்து சேர்ந்தார். அதற்குள் அம்மா எங்களிடம் சத்தியம் வாங்கிவிட்டாள்: அந்தக் களியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது. கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பெண் வாங்கிக்கொள்ளவில்லை.

பவானிப்பூரில் கடைசிவரை அம்மா விறகைக் கழுவித்தான் எரித்தாள். ஆனால் சமையலறை மூலையில் ஒரு சின்னக் கட்டு மட்டும் கழுவாமலே கிடக்கும், அதன்மேல் இந்தக் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். மழை நாளில் தொட்டுப் பார்த்துக்கொள்வாள், காய்ந்திருக்கிறதா என்று.

அம்மாவும் மன்னியும் போய்விட்டார்கள். சத்தியத்தை நான்தான் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். குப்பை என்கிறானே என் மருமான், அன்றைக்கு உள்ளேயிருந்து உதைத்தவன் அவன்தான்.