குங்குமம் வைத்த புத்தகம்

சந்திரிகா தொட்ட புத்தகத்தை மற்றப் பிள்ளைகள் எடுக்க மாட்டார்கள். அவளுடைய தாய் அழகம்மா கண்டி நகரசபையில் தெருக் கூட்டுகிறவள்; வீடு மஹய்யாவயில், துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில். அவ்வளவுதான் காரணம். பள்ளிக்கூட நூலகத்தைப் பார்த்துவந்த செசிலியா டீச்சர் இதைக் கவனித்தார். யாரையும் ஏசவில்லை. மறுநாள் இடைவேளையில், சந்திரிகா திருப்பித் தந்த கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்கும்படி வாசலோரக் கதிரையில் உட்கார்ந்தார். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி வாசித்தார். எச்சில் தொட்டுப் புரட்டக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியவரும் அவர்தான்.

அது எண்பத்து மூன்றாம் ஆண்டு. அடுத்த மாதமே தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. கொழும்பு எரிகிறதென்று கேள்விப்பட்டதும் டீச்சருக்கு இரவல் பதிவேடுதான் நினைவுக்கு வந்தது. எந்தப் பிள்ளை எந்தப் புத்தகம் கொண்டுபோனது என்பதோடு தகப்பன் பெயர், வீட்டு இலக்கம், தெரு என்று எல்லாவற்றையும் தன் கையாலேயே முத்து முத்தாக எழுதி வைத்திருந்தார். யார் கையிலாவது அகப்பட்டால் தமிழ் வீடுகளுக்கு வழிகாட்ட அதுவே போதும். பள்ளிக்கூடத்துக் குசினி அடுப்பில் அதைத் தாள் தாளாகக் கிழித்துப் போட்டு, சாம்பலாகும்வரை நின்று செபம் சொன்னார்.

பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தபோது அதிபர் நடராஜா தலையில் கை வைத்தார். அறுபத்து நான்கு புத்தகங்கள் வெளியில். மாத முடிவில் மேலிடத்திலிருந்து சரிபார்க்க வருவார்கள். ஒன்று குறைந்தாலும் அலுமாரிகளைப் பூட்டிவிடுவார்கள். அதன் பிறகு பிள்ளைகளுக்கு இரவல் இல்லை.

"பதிவும் இல்லை. இனி ஆரிட்டைப் போய்க் கேக்கிறது, ரீச்சர்?"

"கேக்கத் தேவையில்லை, சேர். பிள்ளையள் கொண்டு வருவினம்."

"கொண்டு வராட்டி?"

"வருவினம் எண்டுறன்."

வந்தன. கோழிக்கூட்டில் ஒளித்து வைத்தது இறகோடு வந்தது. அரிசி வாளிக்குள் கிடந்தது தவிடு பூசிக்கொண்டு வந்தது. அலவத்துகொட ஷிராஸ் மூன்று கொண்டுவந்தான்.

"ரெண்டு எங்கட வகுப்பு விவேகானந்தன்ட, டீச்சர். இந்தியாவுக்குப் போற நேரம் எங்கட உம்மாட்ட குடுத்துட்டுப் போனாங்க."

ஒன்றுதான் வரவில்லை. அது சந்திரிகா கொண்டுபோனது.

"அம்மா தரமாட்டேங்குது டீச்சர்," என்று அழுதாள்.

டீச்சர் மஹய்யாவவுக்கு நடந்தார். கலவரத்தன்று தமிழ் எழுத்து வெளியில் தெரியக்கூடாதென்று அழகம்மா அந்தப் புத்தகத்தை மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகியிருந்தாள். தெருமுனைவரை வந்த கூட்டம் திரும்பிப் போய்விட்டது. அன்றிலிருந்து புத்தகத்துக்கும் தினமும் பூவும் குங்குமமும்.

"சாமிகிட்ட இருக்கிறத எப்புடிங்க டீச்சர் எடுக்கிறது? வீட்டக் காத்தது அதுதானே. நீங்க வேதக்காரவுங்க, ஒங்களுக்கு இது வெளங்காது."

செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தின் முன் நின்ற டீச்சர் சிரித்தார்.

"எனக்கு விளங்குது, அழகம்மா. ஆனா உங்கட கோயில்ல அம்மனுக்குப் படைச்சதை உள்ளுக்கையே வச்சுப் பூட்டுறவையோ? எல்லாருக்கும் குடுக்கிறவை எல்லோ?"

அழகம்மா படத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "பேசியே வாங்கிப்புடுவீங்க," என்று முணுமுணுத்தபடி அட்டையில் புதிதாக ஒரு பொட்டு வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

அலுமாரிகள் பூட்டப்படவில்லை. பரீட்சைக்கு நல்லதென்று யார் கிளப்பிவிட்டார்களோ, குங்குமப் புத்தகத்துக்கு வரிசை நின்றது. முன்பு ஒதுங்கியவர்களே, "அடுத்தது எனக்குன்னு டீச்சர்கிட்ட சொல்லேன்," என்று சந்திரிகாவிடம் சிபாரிசுக்கு வந்தார்கள்.

ஐந்து வருடம் கழித்து டீச்சர் ஓய்வு பெற்று, வடக்கே சாவகச்சேரியில் தனியாக இருந்த தமக்கையிடம் புறப்பட்டார். பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டது சந்திரிகா. அப்போது அவள்தான் நூலகத்துக்கு மாணவத் தலைவி.

"சண்ட நடக்கிற எடத்துக்குப் போறீங்களே டீச்சர், பயமா இல்லையா?"

"மாதா இருக்கிறா," என்றார். பஸ் உறுமத் தொடங்கியதும் ஜன்னலால் தலையை நீட்டினார்.

"பிள்ளை, ஒருத்தரையும் எச்சில் தொட்டுப் புரட்ட விடாதை. நான் ஒருக்காச் செய்தனான். தேவையெண்டா இன்னும் ஒருக்காச் செய்வன்."