கந்தோர்க் கலண்டரும் ஒரு தகரப்பந்தலும்

எட்டாம் வகுப்புக்கு மேலே நான் படிக்கவில்லை. ஆனால் நான் கட்டியெழுப்பியதைக் கேளுங்கோ. வாடகைக்கு விட ரண்டு பெற்றோமாக்ஸ் விளக்கோடு தொடங்கிய ஆள் நான். இண்டைக்குத் தெல்லிப்பழையிலே தகரப்பந்தல், கதிரை, சமைக்கிற பெரிய கிடாரம் எல்லாம் வாடகைக்கு விடுகிற சேர்விஸ் என்னுடையது. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது காணியிலே இருந்தது பற்றையும் பாம்பும்தான். அதிலே கிணறு இறைத்தேன், வீடு கட்டினேன், களஞ்சியம் கட்டினேன். வங்கி மனேச்சர் கடன் தரமாட்டேன் என்று தலையாட்டிய சின்னப் பட்டா லொறியை அடுத்த வருசமே வாங்கி, அவருடைய வாசலாலே கோன் அடித்துக்கொண்டு ஓடினேன். ரோட்டோரத்திலே ஒரு கந்தோர், அதற்கு ஒரு மின்விசிறி, மின்விசிறிக்குக் கீழே எனக்கொரு சுழல்கதிரை. இவ்வளவுக்கும் மேலே, கந்தோருக்கு ஒரு கலண்டர். கலண்டரோ என்று சிரிக்கிறவை கொஞ்சம் பொறுங்கோ.

கந்தோரிலே நாங்கள் நாலு பேர். நான் முதலாளி. கணக்கு வழக்கு மருமகள். போன் எடுத்து ஓடர் பதிகிறவள் கிளாக்கர் பிள்ளை. கொழும்புத்துறையிலே இருந்து பஸ்ஸிலே வந்து போகிறவள். வாகனம் ஓடுகிறவன் சாரதித் தம்பி. முந்தி ஓடர் எல்லாம் என்னுடைய தலைக்குள்ளே இருந்தது. மிச்சம் சாரதித் தம்பியின் உள்ளங்கையிலே பேனையால் எழுதியிருக்கும். அவன் மத்தியானம் சோறு தின்று கை கழுவினால் ஒரு கலியாணம் போய்விடும்.

இதற்கு மருந்து சொல்ல ரவுணிலே இருந்து ரை கட்டிய ஒருவர் வந்தார். மாசாமாசம் காசு கட்டினால் கம்பியூட்டரே எல்லாவற்றையும் பார்க்குமாம்.

"மழை வந்தால் உது பந்தலை இழுத்துக் கட்டுமோ?" என்று கேட்டேன்.

"அது செய்யாது ஐயா."

"அப்ப தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போட்டு வாங்கோ."

அவர் படி இறங்கியதும் மருமகள் சொன்னாள்: "மாமா, போனிலை சும்மா கிடைக்கிற கலண்டரே காணும். எல்லாற்றை போனிலையும் ஒண்டுதான். ஒராள் எழுதினால் மற்றவைக்கும் உடனை தெரியும்."

"நான் கொழும்பிலை நிண்டால்?"

"அப்பவும் தெரியும்."

"கக்கூசுக்குள்ளை நிண்டால்?"

"மாமா!"

எனக்குப் பிடித்துவிட்டது. சல்லிக்காசு செலவில்லை. அன்றைக்கே அவள் பந்தலுக்குச் சிவப்பு, கதிரைக்கு நீலம், கிடாரத்துக்குப் பச்சை என்று நிறம் பிரித்தாள். எனக்கு என்ன நிறம் என்று கேட்டேன். "உங்களுக்கு என்னத்துக்கு மாமா நிறம்? நீங்கள் முதலாளியெல்லோ" என்றாள். அதை அப்போதே மனதிலே குறித்து வைத்துக்கொண்டேன்.

போனிலே எழுத்தெல்லாம் எறும்பு ஊருகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வீட்டிலே தூசி பிடித்துக் கிடந்த ரீவியைத் தூக்கி வந்து கந்தோர்ச் சுவரிலே மாட்டினேன். மகன் பாவித்துக் கழித்த லப்ரொப்பை அதோடு கொழுவச் சொன்னேன். கலண்டர் சுவர் முழுக்க விரிந்தது! பக்கத்துப் பேக்கரிக்காரர் மாக்கையோடு ஓடி வந்து பார்த்தார். நான் கிணற்றடிக்குப் போய், போனைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி "தேத்தண்ணி கொண்டு வாங்கோ" என்று போட்டேன். கந்தோருக்குள்ளே ஒரே சிரிப்பு. அளவெட்டியிலே கதிரை இறக்கிக்கொண்டு நின்ற சாரதித் தம்பி அங்கே இருந்தே "சீனி போடுறதோ?" என்று பதில் போட்டான். ரண்டும் சிவப்பிலே, கலியாண ஓடருக்குப் பக்கத்திலே.

"இது கலண்டர், உங்கடை கதைப் பெட்டி இல்லை" என்று மருமகள் கத்தினாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் கத்தினாள்.

அந்த ஆவணியிலே கிளாக்கர் பிள்ளைக்குக் கலியாணம் வந்தது. சனிக்கிழமை சேர்ச்சிலே கலியாணம், முடியக் கொழும்புத்துறையிலே வீட்டு முற்றத்திலே சாப்பாடு. மண்டபம் எடுக்க அவைக்கு வசதியில்லை. முற்றமோ வெறும் மணல். "பெரிய பந்தல் என்ரை பரிசு பிள்ளை" என்று சொல்லியிருந்தேன். அந்தப் பந்தல் எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. வெள்ளி பின்னேரம் பந்தல் போடுவது, சனி கலியாணம் என்று அவளே தன்னுடைய கையால் சிவப்பிலே பதிந்தாள். பதிந்துவிட்டு ரீவியைப் படமும் எடுத்தாள்.

அதற்குள்ளே கீரிமலைப் பக்கத்திலே இருந்து ஒருவர் போன் எடுத்தார். தகப்பன் செத்து ஒரு வருசமாம், ஆட்டைத் திவசமாம், ஆவணி வளர்பிறைத் தசமியாம், பெரிய பந்தல் வேணுமாம். எங்கடை சனம் திவசத்துக்குத் தேதி சொல்லாது, திதிதான் சொல்லும். பிள்ளையோ சேர்ச்சுக்குப் போகிற பிள்ளை, திதி அவளுக்குத் தெரியாது. "ஐயா, தசமி எண்டைக்கு?" என்று கேட்டாள். நான் சுவரிலே தொங்கிய தாள் கலண்டரைப் பார்த்து, வியாழன் என்று சொன்னேன். அதிலே வியாழன்தான் இருந்தது. இப்போதும் காட்டுவேன். வியாழன் கீரிமலை, வெள்ளி கொழும்புத்துறை. கச்சிதம்.

வியாழன் காலை சாரதித் தம்பி போன் எடுத்தான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேசையிலே வைத்தோம்.

"ஐயா, வீட்டுக்காரர் சாரத்தோடை நிண்டு பல்லு விளக்கிறார். திவசம் நாளைக்காம்."

"அவருக்கென்ன விசரோ? தசமி இண்டைக்கெல்லோ!"

"அவை மற்றப் பஞ்சாங்கமாம் ஐயா."

அதுதான் சங்கதி. எங்கடை ஊரிலே பஞ்சாங்கம் ரண்டு. வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. சில திதி ஒன்றிலே இன்றைக்கு வரும், மற்றதிலே நாளைக்கு வரும். எங்கடை சுவர் ஒரு கட்சி, அந்த வீடு மற்றக் கட்சி.

பிள்ளை ரீவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஐயா, அப்பா சேர்ச்சிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டார். சனத்தை வெயிலுக்குள்ளையோ இருத்திறது?" மருமகள் நாலைந்து சேர்விசுக்குப் போன் எடுத்தாள். ஆவணி முகூர்த்தம், ஒரு தகரம்கூடச் சும்மா கிடக்கவில்லை.

நான் சுழல்கதிரையிலே ஒரு சுற்றுச் சுற்றினேன். யோசிக்க அதுதான் நல்லது. பிறகு வீட்டுக்காரரைப் போனுக்குக் கூப்பிட்டேன்.

"அண்ணை, பந்தலை இண்டைக்கே போட்டு விடுறம். நாளைக்கு மத்தியானம் சாப்பாடு முடிய உடனை கழட்டிக்கொண்டு போவம்."

"பின்னேரம் வரைக்கும் சனம் இருந்து கதைக்குமெல்லோ?"

"உங்கடை வாசல் வேம்புக்குக் கீழை இருந்து கதைக்கட்டும். கதிரையை ஞாயிறு வரைக்கும் சும்மா விடுறன்."

"கிடாரம்?"

"அதையும் வைச்சிருங்கோ, அண்ணை!"

வெள்ளிக்கிழமை நானே கீரிமலைக்குப் போனேன். படையல் முடிந்து பந்தி தொடங்கியது. நான் இலைக்கு இலை போய், "பாயாசம் குடிச்சாச்சே? அப்ப எழும்புங்கோ, எழும்புங்கோ" என்று நின்றேன். ஒரு பந்தி எழும்ப எழும்ப, சாரதித் தம்பியும் பெடியங்களும் அந்தப் பக்கத் தகரத்தை இறக்கினார்கள். கடைசிப் பந்தியிலே இருந்த ஒரு பெரியவர் வடையைக் கடித்துக்கொண்டு மேலே பார்த்தார். வானம்! "தம்பியவை, என்னையும் சேர்த்துக் கழட்டிப் போடாதையுங்கோ" என்றார். திவச வீட்டிலே அப்படிச் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முதல் கேட்டதில்லை.

வாகனத்திலே நான் முன் சீற். கலண்டருக்கு நானே எழுதிக்கொண்டு வந்தேன். கழட்டியாச்சு. ஏத்தியாச்சு. மல்லாகம். சுன்னாகம். கேற் பூட்டு, றெயின் வருது. கொழும்புத்துறையிலே கைக்கு மருதோன்றி போட்டுக்கொண்டிருந்த கலியாணப் பொம்பிளை, ஒற்றை விரலாலே "ஐயோ" என்று போட்டாள். தெல்லிப்பழையிலே கந்தோர் ரீவிக்கு முன்னாலே பேக்கரிக்காரரும் அவருடைய ஆக்களும் கிரிக்கெற் மட்ச் பார்க்கிற மாதிரி நின்றார்களாம். "கேற் திறந்தாச்சு" என்று நான் போட, கைதட்டினார்களாம். மருமகள்தான் சொன்னாள்.

பொழுதுபட முதல் கொழும்புத்துறை மணலிலே பந்தல் நிமிர்ந்து நின்றது. பிள்ளை ஓடி வந்தாள். மருதோன்றிக் கையால் கம்பத்தைத் தொட்டுப் பார்த்தாள். அந்தச் சிவப்புக் கறை இன்னும் அந்தக் கம்பத்திலே இருக்கிறது. நான் கழுவ விடவில்லை.

சனிக்கிழமை சாப்பாட்டுக்கு முதல் பிள்ளையுடைய தகப்பன் எழும்பி நன்றி சொன்னார். "கலண்டர் செய்து தந்த மருமகளுக்கும், பந்தலைக் கொண்டு வந்த சாரதித் தம்பிக்கும், மற்ற உதவி செய்த எல்லாருக்கும்." நான் முன் வரிசையிலே கேக் துண்டோடு, என்னைத்தான் சொல்லப்போகிறார் என்று எழும்பினவன் பாதியிலே நின்றேன். மற்ற எல்லாரும் என்றால் ஆர்? நான்தான்!

திங்கட்கிழமை தொடக்கம் எங்கடை கலண்டரிலே ஒவ்வொரு ஓடருக்கும் கீழே ஒரு வரி வருகிறது: எந்தப் பஞ்சாங்கம்? வாக்கியமோ, திருக்கணிதமோ, சேர்ச்சோ என்று கேட்காமல் ஒரு ஓடரும் பதிகிறதில்லை. சுன்னாகத்திலே ஒரு சேர்விஸ் இப்போது இதைக் கொப்பியடிக்கிறது. அந்தக் கேள்வியை முதன்முதல் சொன்னது நான், வாகனத்திலே, றெயில் கேற்றடியிலே. சாரதித் தம்பி சாட்சி. மருமகள் தானும் அதைத்தான் நினைத்தாளாம். நினைக்கலாம். வாயால் சொன்னது ஆர்?

ஆகவே இதை எழுத்திலே கேட்கிறேன். மருமகள், எனக்கு மஞ்சள் நிறம் வேணும். கலண்டருக்கு மேலே, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, "இது மாமாவின்ரை யோசனை" என்று போட வேணும். கிளாக்கர் பிள்ளையுடைய தகப்பனும் ஒருக்கா வந்து பார்த்துப் போகட்டும். போடாவிட்டால் சுவரிலே இருக்கிற ரீவியைக் கழட்டிக்கொண்டு வீட்டை போய்விடுவேன். அது என்ரை ரீவி.