கடல்குதிரையின் உபவாசம்

எங்கள் வீட்டில் யாரும் மீன் தின்றதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஏறக்குறைய அரையாண்டுக் காலம், மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு மீன் ஒன்றின் சாப்பாட்டு நேரத்தை வைத்தே நடந்தது.

அது கடல்குதிரை. சுண்டுவிரல் நீளம். மீன் என்று ஒப்புக்கொள்ளப் பலருக்கு மனம் வராது, ஆனால் புத்தகங்கள் அதை மீன் என்றே சொல்கின்றன. அதற்கு வயிறு கிடையாது. உள்ளே போவது நேரே குடலுக்குப் போய்விடும் என்பதால் நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். அதுவும் உயிரோடு நீந்துவதைத்தான் தின்னும். செத்தது மூக்கின் முன்னால் விழுந்தாலும் திரும்பிப் பார்க்காது. துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் அலுவலகத்தில் காலம் கழித்தவன் நான். எத்தனையோ பிடிவாதமான அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரும் இதன் பக்கத்தில் வரமாட்டார்.

அதை விரும்பிக் கொண்டுவந்தவன் என் தம்பி. வங்கி வேலை அவனை விட்டதா, அவன் வேலையை விட்டானா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. மனநோய் மருத்துவமனையில் சில மாதங்கள் இருந்துவிட்டு என்னோடு வந்து தங்கியிருந்தான். பேச்சு குறைந்துபோயிருந்தது. சாப்பாடு அதைவிடக் குறைவு. அனுப்பும்போதே டாக்டர் சொல்லியிருந்தார்: "மறுபடி சாப்பாட்டை நிறுத்தினால் தாமதிக்காமல் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். இந்த முறை சீக்கிரம் அனுப்ப மாட்டோம்."

மாலையில் அவனை நடக்கக் கூட்டிப்போவேன். ஒருநாள் சீன வலை இழுக்கும் சேட்டன் ஒருவர், வலையில் சிக்கிய கடல்குதிரையை ஒரு சிரட்டைத் தண்ணீரில் போட்டு எங்களுக்குக் காட்டினார். தம்பி வெகுநேரம் குனிந்து பார்த்தான்.

"அண்ணா, எனக்கு இது வேணும்."

அவன் எதையாவது வேணும் என்று கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. சிரட்டையோடு வாங்கிக்கொண்டு வந்தோம்.

தொட்டி, மணல், காற்றுக் குழாய் எல்லாம் வந்தன. கோடையிலேயே கோட்டைக் கடற்கரையிலிருந்து கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊறுகாய் போடும் பரணி ஜாடிகளில் நிரப்பி வைத்தேன். மழைக்காலத்தில் எங்கள் உப்பங்கழியான காயல் முழுக்க ஆற்றுத் தண்ணீராகிவிடும் என்று எனக்குத் தெரியும். தண்ணீரின் உப்பைப் பார்க்கப் பால்மானி போதும். நல்ல பாலும் கடல் தண்ணீரும் அந்தக் கண்ணாடிக் குழாயைக் கிட்டத்தட்ட ஒரே கோட்டில்தான் நிறுத்துகின்றன. எங்கள் பால்காரரின் பால் அந்தக் கோட்டை ஒருநாளும் தொட்டதில்லை.

"இந்த வருஷம் உப்பு மாங்காய் எதுல போடறதாம்?" என்றாள் என் மனைவி.

"தொட்டியில போடு. உப்பு சரியா இருக்கு."

"உங்க தம்பி சிரிச்சா எனக்குப் போதும். நீங்க சிரிக்க வைக்க வேண்டாம்."

தீனிக்குச் சேட்டனே ஏற்பாடு. கொசுவலைத் துணியால் காயலோரம் அரித்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத இறால் குஞ்சுகளை வாளியில் கொண்டுவந்து தருவார். அவற்றை அவர் பொடி என்பார். கொல்லையில் அகலமான பேசினில் விட்டு வைத்திருப்போம். தம்பி சிறு கரண்டியால் எடுத்துத் தொட்டியில் விடுவான். கடல்குதிரை வாலால் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மட்டும் திருப்பிப் பார்க்கும். பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம், விரல் நகத்தைச் சொடுக்கினாற்போல. குஞ்சு காணாமல் போயிருக்கும்.

அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் தம்பி இலைக்கு முன் உட்காருவான். அது அவனே போட்டுக்கொண்ட விதி. "அது சாப்ட்டப்புறம் நான், மன்னி" என்பான். என் மனைவி சமையலறையில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். 'டிக்' கேட்டதும் சாதம் பரிமாறுவாள். அவன் முகத்தில் சதை போட்டது. டாக்டர் பார்த்துவிட்டு மருந்தைக் குறைத்தார்.

ஆடியில், கர்க்கடக மழையில், அப்பாவின் ச்ராத்தம் வந்தது. வாத்தியார் கொல்லையில் காலை அலம்பும்போதே பேசினைப் பார்த்துவிட்டார்.

"இது என்னடா?"

"இறால் குஞ்சு மாமா. மீனுக்கு" என்றான் தம்பி.

"ராமா! ச்ராத்தத்தன்னிக்கு ஆத்துக்குள்ள மாமிசமா?"

"உயிரோடதான் இருக்கு" என்றேன். "உயிரோட இருக்கிறது மாமிசம் ஆகாது."

"அது இதைத் திங்கும்போது ஆகுமோல்லியோ? ச்ராத்தம் முடியறவரைக்கும் மீனுக்கும் உபவாசம். நாமெல்லாம் இருக்கலையா?"

"அதுக்கு வயிறே கெடையாது மாமா" என்றான் தம்பி.

"வயிறே இல்லாததுக்குப் பசி எப்படிடா வரும்?"

வாதத்தில் ஓட்டை இருந்தது. ஆனால் ஹோமப் புகை கிளம்பிவிட்டது. பேசினை மதிலுக்கு வெளியே வைக்கும்படி உத்தரவு. வெளியே வைத்தால் சாக்கடைதான். ஆகவே மதில்மேல் வைத்தோம். மதில் உள்ளும் இல்லை, வெளியும் இல்லை என்று வாத்தியாரே ஒப்புக்கொண்டார். மேலே ஒரு வாழையிலையைக் கவிழ்த்தாயிற்று.

ஆண்டுதோறும் காக்கைக்குப் பிண்டம் வைப்பதும் அதே மதிலில்தான். வீட்டில் பட்டதாரிகள் மூவர், வேதம் படித்தவர் ஒருவர். நால்வருக்கும் அது உறைக்கவில்லை. பிண்டத்தை வைத்துக் கைதட்டி, "கா, கா" என்று முறைப்படி கூப்பிட்டோம். காக்கைகள் வந்தன. தென்னைமரத்துக் காக்கைகள், மிளகுக் கிடங்குக் கூரைக் காக்கைகள் எல்லாம் வந்தன. சாத உருண்டையை ஒன்றுகூடத் தொடவில்லை. வாழையிலையை இழுத்து எறிந்தன. பிறகு பேசினின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்தன.

தம்பி ஈர வேட்டியோடு ஓடினான். அவன் போய்ச் சேர்வதற்குள் பேசின் சாய்ந்து சாக்கடையில் விழுந்தது.

உள்ளிருந்து வாத்தியார் கேட்டார்: "காக்கா எடுத்துதோ?"

"எடுத்துது" என்றேன்.

"பித்ருக்கள் பரம திருப்தி."

வெங்காயம்கூடத் தொடாத என் அப்பா அன்று இறால் சாப்பிட்டுத் திருப்தியடைந்தார்.

மாலையே சேட்டனிடம் போனேன். அவர் மழைக்குப் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"பொடியோ? ஸாமி, வெள்ளத்தைப் பாரும். கலங்கி ஒழுகுது. கடைசி வாளியே நான் எவ்வளவு பாடுபட்டுப் பிடிச்சதாக்கும். இனி மழை விட்டாத்தான்."

"கோட்டையில கடல் ஓரம் கிட்டாதா?"

"கடலு நிக்கற நிலையில மனுஷனே கிட்டாது."

இருந்தும் செத்த குஞ்சுகளை ஒரு இலையில் மடித்துக் கொடுத்தார். தம்பி அவற்றை ஈர்க்குச்சியின் நுனியில் கோத்து, உயிருள்ளதுபோல் தண்ணீரில் அசைத்துக் காட்டினான். கடல்குதிரை ஒரு கண்ணால் குஞ்சைப் பார்த்தது, மறு கண்ணால் அவனைப் பார்த்தது. வாயைத் திறக்கவில்லை. கிணற்றடியில் கொசுப்புழு கிடைத்தது. அதை அவ்வப்போது ஒன்றிரண்டு எடுத்தது. பிறகு அதையும் நிறுத்தியது. வயிறு இருக்க வேண்டிய இடம் குழிந்து, எலும்பு வளையங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன.

தம்பி இலைக்கு முன் வரவில்லை.

"ரெண்டு வாய் மோராவது குடிடா" என்றாள் என் மனைவி. "அது மீனு. நீ மனுஷன்."

"ஆகட்டும் மன்னி. அது முதல்ல."

அவன் கோபமாகச் சொல்லவில்லை, பிடிவாதமாகவும் சொல்லவில்லை. வரிசையில் தனக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார் என்பதுபோலச் சொன்னான். அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. அவன் சட்டை தோளில் மறுபடி தொங்கத் தொடங்கியது. தண்ணீர் மட்டும் குடித்தான். நான் வேளை தவறாமல் பால்மானியை மிதக்கவிட்டுப் பார்த்தேன். உப்பு துளியும் மாறவில்லை. தொட்டியில் எல்லாம் விதிப்படி இருந்தது.

ஒரு காலையில் குச்சியில் வால் இல்லை. மணல்மேல் பக்கவாட்டில் கிடந்தது. தம்பி அப்போதுதான் எழுந்து வந்தான். தொட்டிப் பக்கம் போகாமல் நேரே சமையலறை வாசலில் நின்றான்.

"அது சாப்ட்டுதா மன்னி?"

அவள் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவன் அன்று சாப்பிட்டிருப்பானோ என்று பின்னாளில் அவளே என்னைக் கேட்டிருக்கிறாள். அன்று அவளால் முடியவில்லை.

"இல்லடா. போயிடுத்து."

அவன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டான். அதன்பிறகு தண்ணீரையும் நிறுத்தினான். டாக்டர் சொன்னபடி கூட்டிக்கொண்டு போனோம். டாக்ஸி ஆலுவா பாலத்தைத் தாண்டும்போது பெரியாறு கரை கொள்ளாமல் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. இந்தத் தண்ணீர்தான் நேரே நம் காயலுக்கு வருகிறது என்றேன். அவன் கண்ணைத் திறக்கவில்லை. சேர்க்கும் இடத்தில் எந்தச் சன்னலில் எதைக் கேட்பார்கள் என்று எனக்கு அத்துப்படி. சீக்கிரமே முடித்துக்கொடுத்தேன்.

ஐப்பசியில், துலாம் மாதம், மருத்துவமனைக்குப் பார்க்கப் போனேன். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். உடம்பு தேறியிருந்தது.

"காயல்ல தண்ணி உப்பாயிடுத்தா அண்ணா?"

"ஆயிண்டு வரது."

"அப்போ பொடி வந்திருக்கும்."

"வந்திருக்காம். சேட்டன் உன்னை விசாரிச்சார்."

மணி அடித்தது. வார்டு ஊழியர் ஒருவர் அலுமினியத் தட்டில் உப்புமாவைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தார். "ம், கழிக்கு" என்று மலையாளத்தில் சாப்பிடச் சொன்னார். தம்பி எதற்கும் காத்திருக்கவில்லை. தட்டைக் காலியாக்கும்வரை தலை நிமிரவில்லை.